பழைய பேனலுக்கு உப்பாலை கொடுக்கும் முழு விலை

மணிக்கு 10 டன் உப்பைக் கழுவி, உலர்த்தி, அயோடின் சேர்த்து மூட்டை பிடிக்கிற ஒரு நடுத்தர உப்பாலையை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடியில் முத்தையாபுரம் பக்கமோ வேப்பலோடை பக்கமோ இருக்கட்டும். அதற்கு ஒரு கட்டுப்பாட்டு பேனல் வேண்டும். எந்திரங்களை இயக்கும் சிறு கணினியான பிஎல்சி ஒன்று, தொடுதிரை ஒன்று, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 15 கிலோவாட் டிரைவ் ஒன்று, 5.5 கிலோவாட் டிரைவ் இரண்டு, பெல்ட்டில் ஓடும் உப்பை எடைபோட லோடுசெல், எல்லாவற்றையும் வைக்க ஓர் இரும்புப் பெட்டி. புதிதாக வாங்கினால் 4,20,000 ரூபாய். கோயம்புத்தூரில் மூடிய ஆலை ஒன்றிலிருந்து இறக்கிய பழைய பேனல் 1,60,000 ரூபாய்.

இந்த இரண்டு தொகையும், கீழே வரும் மற்ற விலைகளும் கணக்குப் போட்டுக் காட்ட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கையில் இருக்கும் விலைப்புள்ளியை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம். வரி விகிதமும் மின்சார, வேதியியல் எண்களும் அப்படி மாறுபவை அல்ல.

38 சதவீத விலைக்குப் பேனல் கிடைக்கிறது என்றால் யாருக்கும் கை நீளும். உப்புத் தொழிலில் லாபம் டன்னுக்குச் சில நூறு ரூபாய்தான். இந்த மாவட்டத்தில் ஏறத்தாழ 25,000 ஏக்கரில் உப்பளங்கள். நல்ல ஆண்டில் 25 லட்சம் டன் வரை விளைச்சல். நாட்டில் குஜராத்துக்கு அடுத்த இடம். இவ்வளவு பெரிய தொழிலில் பெரும்பகுதி சிறு முதலாளிகள் கையில். அவர்களுக்கு 2,60,000 ரூபாய் மிச்சம் என்பது ஒரு மழைக்காலத்தைத் தாண்டும் பணம். பழசு வாங்காதே என்று அவர்களிடம் சொல்ல நான் வரவில்லை. 1,60,000 என்ற எண் எங்கே போய் முடிகிறது என்று கடைசி வரை பார்த்துவிட்டு வாங்குங்கள் என்கிறேன்.

முதலில் இந்தப் பேனல் செய்ய வேண்டிய வேலை. நேரடி உணவுக்கான உப்பை அயோடின் சேர்க்காமல் விற்க 2006 மே 17 முதல் நாடு முழுக்கத் தடை. கடைக்குப் போய்ச் சேரும்போது 15 பிபிஎம்-க்குக் குறையக் கூடாது. வழியில் கொஞ்சம் இழப்பு இருக்கும் என்பதால் ஆலையில் 25 பிபிஎம் குறிவைப்பதாகக் கொள்வோம். அதாவது டன்னுக்கு 25 கிராம் அயோடின். பொட்டாசியம் அயோடேட்டில் அயோடின் 59.3 சதவீதம். எனவே டன்னுக்கு 42.2 கிராம் அயோடேட், மணிக்கு 10 டன்னுக்கு 422 கிராம். லிட்டருக்கு 30 கிராம் கரைத்த கரைசல் என்றால் மணிக்கு 14 லிட்டர், நிமிடத்துக்கு 234 மில்லி. இந்த 234 மில்லியை பெல்ட்டின் எடைக்கு ஏற்ப ஏற்றி இறக்குவதுதான் பிஎல்சியின் முக்கிய வேலை. பெல்ட் எடை 10 டன் என்று காட்டும்போது உண்மையில் 12 டன் ஓடினால் அயோடின் 20.8 பிபிஎம் ஆகிவிடும். 8 டன்தான் ஓடினால் 31 பிபிஎம்-ஐத் தாண்டும். ஒரு பக்கம் சாம்பிள் எடுப்பவரிடம் மாட்டலாம். மறுபக்கம் அயோடேட் காசு போகும்.

இனி வரி. பொடி உப்பானாலும் அயோடின் உப்பானாலும் ஜிஎஸ்டி கிடையாது. கேட்க நல்ல செய்தி. ஆனால் விற்பனையில் வரி இல்லாததால், வாங்கும்போது கட்டிய வரியை உப்பாலை திரும்ப எடுக்க முடியாது. இறால் ஏற்றுமதி செய்யும் பக்கத்து ஆலைக்கு 18 சதவீதம் என்பது பிறகு கணக்கில் கழியும் தொகை. உப்பாலைக்கு அது செலவு. 4,20,000-க்கு 75,600 ரூபாய் கையை விட்டுப் போகிறது.

பழைய பொருளில் இங்கே ஒரு வசதி உண்டு. பழைய சரக்கு வியாபாரி தான் வாங்கியபோது உள்ளீட்டு வரி எடுக்காமல் இருந்தால், ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி தன் லாபத்தின் மேல் மட்டும் வரி போடலாம். 1,10,000-க்கு வாங்கி 1,60,000-க்கு விற்றால் 50,000-க்கு 18 சதவீதம், 9,000 ரூபாய். முழு விலைக்கும் போட்டால் 28,800. வித்தியாசம் 19,800. பில் போடும் முன்பே எந்த முறை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உப்பாலைக்காரர்கள் பெரும்பாலும் இதைக் கேட்பதில்லை. கேட்டால் வியாபாரியும் மறுக்கப் போவதில்லை.

பழைய பேனலின் கணக்கு இப்படி ஏறுகிறது (வரி தனியாகக் காட்டாதவை வரி சேர்ந்த தொகை):

பேனல் விலை: 1,60,000
லாபத்தின் மேல் ஜிஎஸ்டி: 9,000
கோயம்புத்தூரிலிருந்து வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி: 8,000
நம் ஆலைக்குப் புதிதாக புரோகிராம் எழுத: 45,000
புரோகிராம் கேபிள், மென்பொருள்: 12,000
மூன்று டிரைவுக்கும் ஃபேன், கெப்பாசிட்டர் வேலை: 18,000
புது லோடுசெல், அளவு சரிபார்ப்பு: 27,000
உதிரியாக அலமாரியில் வைக்க இன்னொரு பிஎல்சி சிபியு: 25,000
போர்டுகளைக் கழுவி உலர்த்தி மேல்பூச்சு: 6,000
மொத்தம்: 3,10,000

புதுப் பேனலுக்கு 4,20,000, வரி 75,600, புரோகிராம் 45,000; ஆக 5,40,600. லோடுசெல்லும் வண்டி வாடகையும் விலைப்புள்ளியிலேயே அடக்கம் என்று வைத்திருக்கிறேன். 38 சதவீதமாகத் தெரிந்தது இப்போது 57 சதவீதம். இன்னமும் 2,30,600 மிச்சம் இருக்கிறது, மறுக்கவில்லை.

அடுத்து ஆயுள். புதுசு 10 ஆண்டு, பழசு 4 ஆண்டு ஓடும் என்று வைத்தால், புதுசுக்கு ஆண்டுக்கு 54,060; பழசுக்கு 77,500. பழையது கட்டுபடியாக வேண்டுமானால் அது 5 ஆண்டு 9 மாதமாவது ஓட வேண்டும். வட்டியையும் சேர்க்காவிட்டால் நியாயமாகாது. 2,30,600-ஐ 12 சதவீதத்துக்குக் கடன் வாங்கிப் புதுசு வாங்கினால் முதல் ஆண்டு வட்டி மட்டும் 27,672. அந்த ஆண்டில் பழசு வாங்கியவர் 4,232 ரூபாய் முன்னால் நிற்கிறார். கடன் அடைய அடைய அந்த முன்னிலை கரையும். ஆனாலும் கையில் ரொக்கம் இல்லாதவர் பழையதைத் தேடிப் போவதில் தப்பில்லை என்பதற்கு இந்த எண்ணே போதும்.

கணக்கைத் தலைகீழாக்குவது நின்றுபோகும் நாள். 8 மணி நேரத்தில் 80 டன்; டன்னுக்கு 300 ரூபாய் லாபம் போனால் 24,000. வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 12 பேருக்கு 700 வீதம் 8,400. ஒரு நாளுக்கு 32,400. பழைய பேனல் புதுசைவிட ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் கூடுதலாக நின்றால் போதும்: 77,500 என்பது 1,09,900 ஆகிவிடும். அந்த நிலையில் பழசு புதுசுக்கு ஈடுகொடுக்க 14 ஆண்டு ஓட வேண்டும். எந்தப் பழைய டிரைவும் இந்தக் கடற்கரையில் 14 ஆண்டு ஓடாது.

ஏன் ஓடாது என்பதற்கும் எண் இருக்கிறது. டிரைவுக்குள் நேர்மின்சாரத்தைத் தாங்கிப் பிடிக்கும் பெரிய கெப்பாசிட்டர்களின் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி. 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பு. 85 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் என்று எழுதியிருந்தால் 65 டிகிரியில் 20,000, 55 டிகிரியில் 40,000, 45 டிகிரியில் 80,000 மணி நேரம். நூற்பாலையில் மூன்று ஷிப்டும் ஓடிய டிரைவுக்கு ஓர் ஆண்டு என்பது 8,760 மணி நேரம். பத்தாண்டு ஓடிய டிரைவ் 87,000 மணி நேரத்தைத் தாண்டியிருக்கும். அதன் கெப்பாசிட்டர் நல்ல குளிர்ச்சியில் இருந்திருந்தாலும் தன் ஆயுளை முடித்துவிட்டது. பெயின்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி டிரைவிலேயே இருக்கிறது. ஏபிபி ஏசிஎஸ்550 வகையில் 0114 என்ற இடத்தில் ஓடிய மணி நேரம் தெரியும். ஆனால் அதை இரண்டு பட்டனை அழுத்திச் சைபராக்கிவிடலாம். 0140-இல் அதே கணக்கு ஆயிரம் மணி நேரங்களில் இருக்கும். அதை யாரும் அழிக்க முடியாது. 0114-இல் 212 என்றும் 0140-இல் 61.4 என்றும் இருந்தால், 61,400 மணி நேரம் ஓடிய டிரைவை 212 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறார்கள் என்று அர்த்தம். அந்த வகையின் கையேடே முதன்மை ஃபேனை 6 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறது. குடோனில் கிடக்கும் டிரைவின் கெப்பாசிட்டருக்கு ஆண்டுக்கு ஒருமுறை மெதுவாக மின்னழுத்தம் ஏற்றிப் பழையபடி பக்குவப்படுத்தச் சொல்கிறது. இரண்டு ஆண்டு சும்மா கிடந்ததற்கு நேராக 415 வோல்ட் கொடுத்தால் வெடிக்கவும் கூடும். மேலே பட்டியலில் 18,000 ரூபாய் வைத்தது இதற்குத்தான்.

வெப்பத்தோடு நிற்பதில்லை நம் ஊர். பழைய டிரைவ் ஒன்றின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஃபேன் காற்று உள்ளே வரும் பக்கத்தில் போர்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். ரிப்பன் கேபிள் கனெக்டரின் ஊசிகள் வேரில் பச்சையாகியிருக்கும். டெர்மினல் திருகைக் கழற்றினால் தலை மட்டும் வெள்ளையாக மின்னும். கழுத்துக்குக் கீழே துரு. சாதாரண உப்பு 25 டிகிரியில் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால்தான் தண்ணீராகக் கசியும். ஆனால் கடலுப்போடு சேர்ந்து வரும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே ஈரம் இழுக்கும். உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது பெரும்பாலும் இதுதான். தூத்துக்குடிக் காற்று 33 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் நேரம் அபூர்வம். ஆகவே போர்டில் படிந்த உப்பு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஈரமாகவே இருக்கிறது. ஈரமான உப்பு என்றால் மின்சாரத்துக்குப் பாதை.

தொழிற்சாலைக் காற்று எவ்வளவு அரிக்கும் என்று அளக்க ஓர் அளவுகோல் உண்டு. செப்புத் தகட்டை ஒரு மாதம் தொங்கவிட்டு அதில் படியும் அரிப்பின் தடிமனைப் பார்ப்பார்கள். 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே இருந்தால் எலக்ட்ரானிக் கருவிக்குப் பாதுகாப்பு. 1,000 வரை மிதம். 2,000 வரை கடுமை. அதற்கும் மேலே தனிப் பாதுகாப்பு இல்லாமல் எதையும் வைக்கக் கூடாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து உருவாகி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடலோர உலோக அரிப்பு ஆய்வுக்கென்றே கிளைகள் வைத்திருக்கிறது. இந்தக் கரையில் உலோகம் படும் பாடு அவ்வளவு. கோயம்புத்தூரில் பாக்கி ஆயுள் ஐந்து ஆண்டு என்று ஒருவர் நேர்மையாகவே சொன்னாலும், தூத்துக்குடி முள்ளக்காட்டுக் காற்றில் அது ஐந்தாக இருக்காது.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. மழை. எத்தனையோ ஆலைகளில் இடுப்பளவு தண்ணீர். உள்ளூர்ச் சரக்கு என்றால், பேனல் அந்த வெள்ளத்தில் நின்றதா என்பதுதான் முதல் கேள்வி. வாயால் கிடைக்கும் பதிலைவிட, கேபிள் ஓடும் பிளாஸ்டிக் தடத்தின் மூடியைத் திறந்து மூலையில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பார்ப்பது மேல். பேனலை வெளியே துடைப்பவர்கள் அந்த மூலை வரை துடைப்பதில்லை.

சோதனை பற்றிப் பேச இந்த ஊரை விட்டால் வேறு எந்த ஊருக்குத் தகுதி? தூத்துக்குடிச் சிலாபத்தில், அதாவது முத்துக்குளிப்பில், அரசு முத்துச் சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டது. குளித்து எடுத்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு; மிச்சம் ஏலத்துக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்கவில்லை. சிலாபம் அறிவிக்கும் முன்பே கடலடி முத்துப் பாரிலிருந்து மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பி எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் அளவு பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று மதிப்புப் போட்டார்கள். 1961-க்குப் பிறகு இங்கே சிலாபம் நடக்கவில்லை. பழைய டிரைவ் பத்து வாங்குகிறவர் அதே வேலையைச் செய்யலாம். பத்தில் ஒன்றை நாம் தேர்ந்தெடுத்து, நம் மோட்டாரில் மாட்டி, முழுச் சுமையில் 8 மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்ற ஒன்பதுக்கு விலை பேசுவது.

பழைய பொருள் கடையில் நடக்கும் சோதனை வேறு மாதிரி.

“கரன்ட் குடுத்துப் பாத்தியளா அண்ணாச்சி?”

“லைட்டு எரியுது பாருங்க. நல்ல ரன்னிங் கண்டிஷன்.”

“மோட்டார் மாட்டிப் பாத்தியளா?”

“அதெல்லாம் உங்க எடத்துல மாட்டிப் பாத்துக்கிடுங்க. ஓடலன்னா கொண்டாங்க, வேற தாறேன்.”

லைட் எரிவதற்குத் தேவையான மின்சாரம் சில வாட். டிரைவில் கெடுவது 15 கிலோவாட்டைக் கடத்தும் பகுதி; அது சுமை இல்லாமல் தெரியாது. வேறு தருகிறேன் என்பது நல்ல வாக்குத்தான். ஆனால் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்த் திரும்புவதற்குள் இரண்டு நாள், 64,800 ரூபாய். அந்த வாக்கு அதை ஈடுகட்டாது.

பிஎல்சி வாங்கும்போது கேட்க வேண்டியது வேறு. சீமென்ஸ் எஸ்7-300 வகையில் புரோகிராம் ஒரு சிறு நினைவட்டையில் இருக்கும். அட்டை இல்லாமல் சிபியு ஓடவே ஓடாது. விற்பவர் அட்டையைக் கழற்றி வைத்துக்கொண்டு சிபியுவை மட்டும் கொடுப்பது வழக்கம். கணினியில் செருகி அதை வடிவமைத்துவிட்டால் அதுவும் வீண். எஸ்7-200-இல் புரோகிராம் உள்ளேயே இருக்கும். ஆனால் ஓடும்போது சேர்ந்த எண்களை மின்சாரம் இல்லாமல் வைத்திருக்கும் நேரம் சிபியு 222-இல் 50 மணி, 224-இல் 100 மணி. மூடிய ஆலையில் ஆறு மாதம் கிடந்ததில் அவை எதுவும் இருக்காது. ஆலன்-பிராட்லி எஸ்எல்சி 500-இல் பேட்டரி செத்தால் புரோகிராமே போய்விடும். கடவுச்சொல் போட்டிருந்தால் அழித்துத் திறக்கலாம். புரோகிராமும் சேர்ந்து அழியும். எனவே பழைய பேனலோடு புரோகிராமும் வருகிறது என்று யாராவது சொன்னால், அதைக் கணினியில் இறக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். காட்டாவிட்டால் அந்த 45,000 நம் தலையில்தான்.

ரிலே அவுட்புட்டுக்கும் ஒரு கணக்கு. எஸ்7-200-இன் ரிலே முழுச் சுமையில் 1,00,000 முறை தாங்கும். நிமிடத்துக்கு ஒருமுறை மாறினால் 8 மணி நேர வேலையில் நாளுக்கு 480. 208 நாளில் ஒரு லட்சம். பழைய சிபியுவில் எந்த அவுட்புட் எத்தனை முறை அடித்தது என்று எங்கும் பதிவில்லை. டெர்மினலில் கம்பி மாட்டிய தடம் இல்லாத அவுட்புட்டுகளைப் பயன்படுத்திக்கொள்வது ஒரு வழி.

மாடலின் வயதும் பார்க்க வேண்டும். எஸ்7-200-க்குப் பதிலாக எஸ்7-1200 வந்தது 2009-இல். எஸ்7-300-ஐ நிறுத்தும் வேலையைச் சீமென்ஸ் 2023 அக்டோபரில் தொடங்கியது. ஆலன்-பிராட்லி பிஎல்சி-5 விற்பனை 2017-இல் முடிந்தது. நிறுத்திய மாடலைப் புது வரிசைக்கு வாங்குவது, அடுத்த சிபியுவையும் இதே பழைய பொருள் கடையில்தான் தேடப்போகிறோம் என்று இன்றே எழுதிக் கொடுப்பது.

லோடுசெல்லைப் பழசாக வாங்கவே வேண்டாம். 10 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கு அது திருப்பித் தருவது 20 மில்லிவோல்ட். அதில் 1 சதவீதம் 0.2 மில்லிவோல்ட். இணைப்புப் பெட்டிக்குள் கசியும் ஈரமே அந்த அளவுக்குப் பொய் சொல்லும். நல்ல லோடுசெல்லின் காப்புத் தடை 5,000 மெகா ஓம். கடற்கரையில் சில ஆண்டு இருந்த செல்லில் அது எவ்வளவோ கீழே இறங்கியிருக்கும். அயோடினின் 20.8-க்கும் 25-க்கும் இடையிலான வித்தியாசம் இந்த ஒரு பாகத்தில் இருக்கிறது.

சிலர் உள்நாட்டுச் சரக்கை விட்டு வெளிநாட்டு எந்திரத்துக்குப் போகிறார்கள். கட்டுப்பாட்டு பேனலோடு சேர்ந்த பழைய பொட்டல எந்திரம் ஜப்பானிலிருந்து பெட்டகத்தில் வ.உ.சி. துறைமுகத்துக்கு வருவதாகக் கொள்வோம். சரக்கு, காப்பீடு, கப்பல் வாடகை சேர்த்து 10,00,000. அடிப்படை வரி 7.5 சதவீதமுள்ள எந்திரம் என்றால் 75,000. அதன்மேல் 10 சதவீதம் சமூக நல மேல்வரி 7,500. இரண்டும் சேர்ந்த 10,82,500-க்கு 18 சதவீதம் 1,94,850. ஆக 2,77,350, சுங்கத் தரகர்கள் வாயில் எப்போதும் இருக்கும் 27.735 சதவீதம் இதுதான். இறால் ஆலை 1,94,850-ஐத் திரும்ப எடுக்கும், உப்பாலை எடுக்காது.

சொன்ன விலையைச் சுங்க அதிகாரி ஏற்காவிட்டால் இன்னொரு கணக்கு வரும். பட்டயப் பொறியாளர் சான்றில் உள்ள புதுவிலையிலிருந்து முதல் ஆண்டு காலாண்டுக்கு 4, இரண்டாம் ஆண்டு 3, மூன்றாம் ஆண்டு 2.5, அதன்பின் 2 சதவீதம் கழிப்பார்கள். மொத்தக் கழிவு 70 சதவீதத்தைத் தாண்டாது. கூட்டிப் பார்த்தால் 16, 28, 38, 46. ஏழாம் ஆண்டு முடிவில் சரியாக 70. அதன்பின் எந்திரம் 20 ஆண்டுப் பழசானாலும் கழிவு அதே 70-தான். புதுவிலை 50,00,000 என்றால் மதிப்பு 15,00,000-க்குக் கீழே இறங்காது, வரி 4,16,025. நாம் நினைத்ததைவிட 1,38,675 கூடுதல். பெட்டகம் துறைமுகத்தில் கிடக்கும் நாள்களுக்கான வாடகை தனி. முழு எந்திரமாக வரும் பழசுக்கு இறக்குமதித் தடையில்லை. புதுப்பித்த உதிரிபாகங்களாக வந்தால் 80 சதவீத ஆயுள் மீதம் இருப்பதாகப் பொறியாளர் சான்று வேண்டும். பழைய எலக்ட்ரானிக் பாகங்களுக்கு 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளும் குறுக்கே வரும்.

மின்சாரமும் பொருந்த வேண்டும். ஜப்பானில் தொழிற்சாலை மின்சாரம் 200 வோல்ட். தனி டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஓட்ட முடியாது. அமெரிக்க மோட்டார் 460 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்: ஒரு ஹெர்ட்ஸுக்கு 7.67 வோல்ட். நம் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது 8.3 வோல்ட். 8 சதவீதம் கூடுதல் காந்தச் செறிவில் மோட்டார் சூடாகும். வேகமோ ஆறில் ஒரு பங்கு குறையும்.

மோட்டார் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன். பழைய மோட்டார் பயமில்லாமல் வாங்கலாம் என்பார்கள். பேரிங் மாற்றி, காப்புத் தடை பார்த்தால் போதும் என்பது பாதி உண்மை. 15 கிலோவாட், நாலு போல் மோட்டாரில் ஐஇ1 வகையின் திறன் 88.7 சதவீதம், ஐஇ3 92.1. முழுச் சுமையில் முதலாவது 16.91 கிலோவாட் இழுக்கும், இரண்டாவது 16.29. ஆண்டுக்கு 2,400 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1,500 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 12,000 ரூபாய். இரவு பகல் ஓடும் ஐஸ் ஆலையில், 8,000 மணி நேரத்துக்கு, கிட்டத்தட்ட 40,000. பெயர்ப்பலகையில் ஐஇ எண் இல்லாத பழைய மோட்டாரை ஐஸ் ஆலைக்காரர் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஒரு நாளில் இரண்டு மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு அது தாராளமாகப் போதும்.

கியர்பாக்ஸ், இரும்புப் பெட்டி, செம்புப் பட்டை, டிரான்ஸ்ஃபார்மர், துருப்பிடிக்காத எஃகுக் குழாய் வால்வு இவையெல்லாம் பழசாக வாங்கத் தக்கவை. கண்ணால் பார்த்து, கையால் சுற்றி, மெகர் வைத்து அளந்து தீர்மானிக்கக்கூடியவை அவை.

எலக்ட்ரானிக் பாகத்தில் பழசு ஜெயிக்கும் இடம் ஒன்று உண்டு. அது பெரிய இடம். உங்கள் ஆலையில் ஏற்கெனவே எஸ்7-200 ஓடிக்கொண்டிருக்கிறது, புரோகிராமின் நகல் உங்கள் கையில் இருக்கிறது, அதே எண்ணுள்ள சிபியு பழைய சந்தையில் 25,000-க்குக் கிடைக்கிறது. முழு வரிசையையும் மாற்ற 5,40,600. அதில் 25,000 என்பது 4.6 சதவீதம். ஓடும் சிபியு நாளை செத்தால் அரை மணி நேரத்தில் இதை மாட்டிவிடலாம். முதல் நாளே 32,400 மிச்சம், போட்ட காசு வந்துவிட்டது. மில்கள் பழைய வரிசைகளைக் கழற்றும்போதும், 2024-இல் வந்த தமிழகக் காற்றாலைக் கொள்கைக்குப் பிறகு கயத்தாறு, முப்பந்தல் பக்கம் சிறு காற்றாலைகளை மாற்றும்போதும் வெளிவரும் சரக்கில் நம் மாடல் இருக்கிறதா என்று கவனித்து வாங்கி வைக்கலாம். புதுச் சொத்துக்கு மட்டுமே கிடைக்கும் 20 சதவீதக் கூடுதல் தேய்மானக் கழிவு போன்ற வரிச் சலுகை பழசுக்குக் கிடையாது. ஆனால் 25,000 ரூபாய் உதிரிக்கு அது ஒரு பொருட்டும் அல்ல.

வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பிளாஸ்டிக்கில் இறுக்கி மூடி, குளிரூட்டிய அறையில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். டிரைவ் என்றால் கெப்பாசிட்டரைப் பக்குவப்படுத்த வேண்டும். தேதியைப் பெட்டியின் மேலேயே எழுதி வைக்கலாம்.

பணம் கொடுக்கும் விதத்தை முன்பே பேசிக்கொள்ள வேண்டும். 1,60,000 பேனலுக்கு 1,12,000 ஏற்றும்போது. மீதி 48,000 நம் ஆலையில் முழுச் சுமையில் 30 நாள் ஓடியபின். இதற்கு ஒத்துக்கொள்ளாத வியாபாரி விலையில் 20,000 குறைக்கிறேன் என்பார். ஒரு நாள் நின்றாலே 32,400 போகும் ஆலைக்கு அந்த 20,000 தேவையில்லை. 30 நாள்தான் தேவை.